முனகும் பிக்கப்: தானியங்கிக் கியர்ப்பெட்டியின் ஓசைகளை இனங்காண்பது எப்படி?

மோட்டார் வண்டி வைத்திருப்போருக்கு அதன் ஓசை வீட்டுக் குழந்தையின் குரல் போன்றது. வழக்கமான குரல் எது, வழக்கத்துக்கு மாறான குரல் எது என்பதை எவரும் கற்பிக்காமலே செவி அறிந்துகொள்ளும். நாள்தோறும் கேட்ட ஒலியின் நடுவே ஒரு புதிய முனகலோ, 'டக்' என்ற ஓர் அடியோ, தகரத்தை உராய்வது போன்ற ஒரு கீறலோ எழுமாயின் செலுத்துவோர் நெஞ்சு துணுக்குறும். வண்டி பழைய பிக்கப்பாயும், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வகையினதாயும் இருந்துவிட்டால் அத்துணுக்கம் இரட்டிக்கும். ஏனெனில், தானியங்கிக் கியர்ப்பெட்டி ஒன்றைக் கழற்றிப் புதுக்குவதற்கு ஆகும் செலவு சிலவேளை அப்பழைய வண்டியின் விலையையே எட்டிவிடும்.

ஆயினும், ஓசை கேட்ட மாத்திரத்திலேயே கியர்ப்பெட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையன்று. அதன் அயலில் எந்திரம் இருக்கின்றது; பின்னே நீண்ட தண்டு சுழல்கின்றது; கீழே புகைக்குழாய் ஓடுகின்றது; நாற்புறமும் சில்லுகள் உருள்கின்றன. இவற்றுள் எதன் முறைப்பாடும் வண்டியின் நடுவிலிருந்தே வருவதுபோல் செவிக்குத் தோன்றும். எது பேசுகின்றது என்று பகுத்தறிவதற்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. செவியும் பொறுமையும் ஒரு குறிப்பேடும் போதும். செலுத்துவோர் ஒருவர், அருகிருந்து குறிப்பெடுப்போர் ஒருவர் என இருவர் இருந்தால் இன்னும் நன்று. அருகிருப்பவர் மனைவியாயின் மிக நன்று. வண்டியின் புதிய ஓசையை முதலிற் கேட்பவர் பெரும்பாலும் அவரே என்பது நாம் பல வீடுகளிற் கண்ட உண்மை.

பெட்டிக்குள் நடப்பது யாது?

ஓசையின் மூலத்தை அறிய விரும்புவோர் முதலில் உறுப்புகளை அறிதல் வேண்டும். தானியங்கிக் கியர்ப்பெட்டி பெருவழக்காய் வளர்ந்த நாடு அமெரிக்கா. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தார் 1939ஆம் ஆண்டில், 1940ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபில் கார்களுக்கென 'ஹைட்ராமற்றிக்' என்னும் பெட்டியை வெளியிட்டனர். இரண்டாம் உலகப் போரில் அது இலகு தாங்கிகளிலும் பொருத்தப்பெற்றது. போர் முடிந்தபின் பாரவண்டிகளின் முறை வந்தது. 1953ஆம் ஆண்டில் ஃபோர்ட் எஃப்-100 பிக்கப்பிலும், அடுத்த ஆண்டில் செவ்ரொலெற் பிக்கப்பிலும் விரும்பினோர் தானியங்கிப் பெட்டியைப் பெறலாயினர். எனினும் இதன் மூலக் கருத்து அமெரிக்காவினதன்று. ஹேர்மன் ஃபொட்டிங்கர் என்னும் ஜெர்மனியப் பொறியியலாளர் கப்பல்களுக்காகச் சிந்தித்து 1905ஆம் ஆண்டில் உரிமைப்பத்திரம் பெற்ற கருத்து அது.

அக்கருத்தை விளங்கிக்கொள்ள இரண்டு மேசை மின்விசிறிகள் போதும். ஒன்றுக்கு எதிரே மற்றொன்றை நிறுத்தி, ஒன்றுக்கு மட்டும் மின்னைக் கொடுங்கள். மின் இல்லாத விசிறியும் காற்றின் உந்தலால் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயையும், விசிறிகளுக்குப் பதிலாக ஒரே ஓட்டுக்குள் அடைபட்ட இரு தகட்டுச் சில்லுகளையும் வைத்தால் அதுவே முறுக்கமாற்றி. மெக்கானிக்குகள் இதனைக் 'கொன்வேட்டர்' என்பர். ஒரு சில்லு எந்திரத்துடன் சுழலும். மற்றையது கியர்ப்பெட்டியின் உட்செல் தண்டுடன் சுழலும். இரண்டுக்கும் இடையில் மூன்றாவதாகச் சிறு சில்லொன்று எண்ணெயின் போக்கைத் திருப்பி முறுக்கத்தைப் பெருக்கும். இம்முறுக்கமாற்றியை எந்திரத்துடன் பிணைப்பது 'பிளெக்ஸ் பிளேற்' எனப்படும் மெல்லிய எஃகுத் தட்டு. இத்தட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது மீண்டும் நம்முன் வரும்.

முறுக்கமாற்றிக்குப் பின்னால் இருப்பது ஒரு பம்பி. எந்திரம் ஓடும் வரையில் இதற்கு ஓய்வில்லை. அடித்தட்டிலுள்ள எண்ணெயை வடிகட்டியினூடாக உறிஞ்சி, அமுக்கத்துடன் பெட்டியெங்கும் அனுப்புவது இதன் தொழில். அந்த அமுக்கமே கிளச்சுகளை இறுக்குவதும் தளர்த்துவதும் ஆகும்.

அதற்கும் பின்னால் கோட்பற்சில்லுத் தொகுதிகள். நடுவே 'ஞாயிறு' எனும் பற்சில்லு. அதைச் சுற்றிக் 'கோள்கள்' எனும் சிறு பற்சில்லுகள். அவற்றையெல்லாம் வளைத்து உட்புறம் பல்லுள்ள ஒரு வளையம். இவற்றுள் ஒன்றை அசையாது பிடித்து மற்றொன்றை ஓட்டினால் ஒரு கதி கிடைக்கும். வேறொன்றைப் பிடித்தால் வேறு கதி. இரண்டை ஒன்றாகப் பிணைத்துவிட்டால் தொகுதி முழுவதும் ஒரே கட்டையாகச் சுழலும். இம்மண்டலத்தில் இராகுவும் கேதுவும் இல்லை. ஆனால் சனி பிடிப்பதுண்டு.

இக்கட்டுரைக்கு எடுத்துக்காட்டாக, ஜெனரல் மோட்டோர்ஸ் பிக்கப்புகளில் இலட்சக்கணக்கில் பொருத்தப்பெற்ற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1982ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில் '700-ஆர் 4' என்னும் பெயருடன் வந்த நான்கு கதிப் பெட்டி, 1990இல் '4 எல் 60' எனப் பெயர் மாறி, 1993 முதல் மின்னியற் கட்டுப்பாட்டுடன் '4 எல் 60-ஈ' ஆயிற்று. இதன் முதலாம் கியரில் உட்செல் தண்டு 3.06 முறை சுழல வெளிச்செல் தண்டு ஒருமுறை சுழலும். இரண்டாம் கியரில் 1.63, மூன்றாம் கியரில் நேருக்கு நேர் ஒன்று, நான்காம் கியரில் 0.70. இவ்வெண்களும் பின்னர் நமக்கு உதவும்.

எது உள்ளபோது எது உள்ளது?

தருக்க நூலார் காரண காரியத்தை நிறுவுவதற்கு இரண்டு வழி கூறுவர். ஒன்று உள்ளபோது மற்றொன்றும் உள்ளது என்பது அன்வயம். ஒன்று இல்லாதபோது மற்றொன்றும் இல்லை என்பது வெதிரேகம். புகைக்கும் நெருப்புக்கும் சொல்லப்பட்ட இவ்விதி கியர்ப்பெட்டிக்கும் அப்படியே பொருந்தும். ஓசை எவ்வகையது என்று வருணிப்பதில் மக்கள் காலத்தை வீணாக்குகின்றனர். ஒருவர் 'முனகல்' என்பதை மற்றொருவர் 'ஊளை' என்பார். மூன்றாமவர் 'விசில்' என்பார். எப்போது எழுகின்றது, எப்போது அடங்குகின்றது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. ஓசை எதனுடன் சேர்ந்து ஏறி இறங்குகின்றது? எந்திரத்தின் சுழற்சியுடனா, தெருவில் ஓடும் கதியுடனா, கியருடனா?

மாணவர்கள் இதனைக் கணக்காகவே செய்து பார்க்கலாம். பத்துத் தகடுகள் கொண்ட ஒரு பம்பி, நிமிடத்துக்கு 900 முறை சுழலும் எந்திரத்துடன் ஓடுகின்றது எனக் கொள்வோம். செக்கனுக்கு 15 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் பத்துத் துடிப்பு. ஆகவே மீடிறன் 150. எந்திரம் 1800ஆக உயர்ந்தால் மீடிறன் 300. சங்கீதம் அறிந்தோர் செவிக்கு அது கீழ்ச் சட்ஜத்திலிருந்து மேற் சட்ஜத்துக்கு ஏறியதாகக் கேட்கும். பற்சில்லும் அவ்வாறே. பற்களின் எண்ணிக்கையைச் செக்கனுக்குரிய சுழற்சியாற் பெருக்கினால் அது பாடும் சுருதி வரும்.

இனி, பிக்கப் மணிக்கு 60 கிலோமீற்றர் கதியில் ஓடுகின்றது. சில்லின் சுற்றளவு 2.2 மீற்றர்; பின்னச்சின் விகிதம் 3.73 என வைத்துக்கொள்வோம். சில்லு செக்கனுக்கு ஏறக்குறைய 7.6 முறையும், புறொப்பெல்லர் தண்டு 28 முறையும் சுழலும். மூன்றாம் கியரில் எந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 1700. நான்காம் கியரில் சுமார் 1190. கதி மாறவில்லை; எந்திரத்தின் சுழற்சி மட்டும் மாறுகின்றது. ஆகவே 60இல் நிதானமாகச் செலுத்திக்கொண்டே நெம்புகோலை நான்கிலிருந்து மூன்றுக்குக் கொணருங்கள். ஓசையின் சுருதி அப்போது சட்ஜத்திலிருந்து பிரதி மத்திமம் அளவுக்கு ஏறினால் அது எந்திரத்துடன் சுழலும் உறுப்பு ஒன்றின் குரல். எந்திரத்தின் இரைச்சல் ஏறியும் அவ்வோசை மட்டும் சுருதி மாறாது நின்றால், கியர்ப்பெட்டிக்குப் பின்னாலுள்ள தண்டையோ அச்சையோ சில்லையோ தேட வேண்டும். ஒரு காசு செலவின்றிப் பாதி வண்டியை விசாரணையிலிருந்து விடுவிக்கும் இச்சோதனையை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

நின்ற இடத்திலேயே முனகினால்

வண்டி அசையாது நிற்க, நெம்புகோல் 'பார்க்'கில் இருக்க, எந்திரத்தை மெல்ல உயர்த்தும்போதே முனகல் எழுந்தால் சந்தேகம் மூன்று இடங்களிற் குவியும்: பம்பி, முறுக்கமாற்றி, எந்திரத்தின் முன்னே பட்டியால் ஓடும் துணையுறுப்புகள். இவற்றுள் கடைசியானதை விலக்குவது எளிது. எந்திரம் குளிர்ந்திருக்கையில் பட்டியைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நீர்ப்பம்பியும் நின்றுவிடுமாதலால் அதற்குமேல் ஓட்டலாகாது. முனகல் மறைந்தால் அது ஸ்ரியரிங் பம்பியாகவோ மின்பிறப்பாக்கியாகவோ இருக்கும். கியர்ப்பெட்டி குற்றமற்றது.

முனகல் நீங்காவிடில், முதற்செய்கை எண்ணெயைப் பார்ப்பது. இவ்வகைப் பெட்டியில் எந்திரம் சூடேறி ஓடிக்கொண்டிருக்க, வண்டி சமதரையில் நிற்க, 'பார்க்'கில் வைத்தே அளவுக்கம்பியைப் பார்க்க வேண்டும். எந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர் முறுக்கமாற்றியிலிருந்து வடிந்த எண்ணெயையும் சேர்த்து அளந்து ஏமாறுவர். எல்லா நிறுவனத்தாருக்கும் விதி ஒன்றன்று. பழைய கிறைஸ்லர் பெட்டிகளை 'நியூற்றல்' நிலையிற் பார்க்கும்படி கூறுவர். ஹொண்டாவில் எந்திரத்தை நிறுத்திப் பார்ப்பர். கைந்நூலைப் படியாமல் கம்பியை இழுப்பதில் பயனில்லை.

எண்ணெய் குறைந்தால் பம்பி காற்றையும் சேர்த்து உறிஞ்சும். எண்ணெயிற் குமிழி தோன்றும். குமிழிகள் அமுக்கத்தில் வெடிக்கும்போது எழுவதே அந்த முனகல். எண்ணெய் மிகுந்தாலோ, சுழலும் பற்சில்லுகள் அதனைக் கடைந்து நுரையாக்கும்; விளைவு அதே முனகல். ஆகவே முனகுகின்றது என்றதும் மேலும் மேலும் எண்ணெய் ஊற்றுவோர் நோயை வளர்ப்பவராவர். வடிகட்டி அடைபட்டாலும் பம்பி இவ்வாறே வருந்தும். கனடா போன்ற குளிர்நாடுகளில், உறைபனிக் காலையில் எண்ணெய் தடித்திருக்கையில் சிறிது நேரம் முனகிப் பின் அடங்குவது பெரிய நோயன்று. சூடேறிய பின்னும் தொடருமாயின் கவனிக்க வேண்டும்.

இங்கு ஒரு சிறு பொருளைக் குறிப்பிடாமல் மேலே செல்ல முடியாது. 4 எல் 60-ஈ பெட்டியில் வடிகட்டியின் கழுத்து ஒரு முத்திரை வளையத்தினூடாகப் பம்பிக்குள் நுழையும். வடிகட்டியை மாற்றுவோர் பழைய வளையத்தை உள்ளேயே விட்டுவிட்டுப் புதியதையும் திணித்தல் உண்டு. வளையம் சரிவரப் பதியாமல் விடுதலும் உண்டு. பம்பி அவ்விடைவெளியாற் காற்றை உறிஞ்சும். நேற்றுவரை அமைதியாயிருந்த வண்டி, எண்ணெயும் வடிகட்டியும் மாற்றிய மறுநாளே ஊளையிட்டால் முதலில் இவ்வளையத்தையே பார்க்க வேண்டும். 'புது எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டியையே மாற்ற வேண்டும்' என்னும் தீர்ப்பை அதற்குமுன் ஏற்றுக்கொள்ளலாகாது.

எண்ணெய் என்றதும் ஒரு வரலாறு நினைவுக்கு வருகின்றது. இப்பெட்டிகளின் கிளச்சுகள் வெடுக்கென்று பற்றாமலும் வழுக்கி எரியாமலும் இருக்க எண்ணெயிற் சேர்க்கும் பொருள் மிக முக்கியமானது. ஜெனரல் மோட்டோர்ஸ் 1967இல் வெளியிட்ட 'டெக்ஸ்றோன்' எண்ணெயில் அதற்கு உதவியது எண்ணெய்த் திமிங்கிலத்திலிருந்து எடுத்த கொழுப்பு! 1970களின் முற்பகுதியில் அமெரிக்கச் சட்டம் திமிங்கிலப் பொருளைத் தடுத்தபின்னரே இரசாயனவியலாளர் வேறு பொருளைத் தேடினர். அமெரிக்கப் பெருந்தெருக்களில் ஓடிய கார்களின் வயிற்றில் கடல்வாழ் பேருயிர் ஒன்றின் கொழுப்பும் ஓடியது என்பதை இன்று எத்தனை பேர் அறிவர்?

பம்பியையும் முறுக்கமாற்றியையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சில்லுகளுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, பிறேக்கை இறுக மிதித்து, முன்னே எவரும் நில்லாதவாறு பார்த்துக்கொண்டு, நெம்புகோலை 'நியூற்ற'லிலிருந்து 'ட்றைவ்'வுக்கு மாற்றுங்கள். 'நியூற்ற'லில் முறுக்கமாற்றியின் இரு சில்லுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே சுழலும். 'ட்றைவ்'வில் வண்டி நிற்கும்போது ஒன்று சுழல மற்றையது அசையாது நிற்கும். அவற்றிடையேயுள்ள பெயாரிங் தேய்ந்திருந்தால் இந்நிலையிலேயே அரைக்கும். பம்பிக்கோ எந்த நிலையும் ஒன்றுதான்.

ஓடும்போது எழும் ஓசைகள்

நிற்கும்போது அமைதி, ஓடும்போது முனகல் என்றால் கோட்பற்சில்லுகளை நினைக்க வேண்டும். முன்னர்க் கூறிய எண்கள் இங்கே உதவும். மூன்றாம் கியரில் விகிதம் ஒன்றுக்கு ஒன்று. அதாவது தொகுதி முழுவதும் ஒரே கட்டையாகச் சுழல்கின்றது. பல்லோடு பல் உருள்வதில்லை. ஆகவே முதலாம், இரண்டாம், நான்காம் கியர்களிலும் 'றிவேர்ஸ்'ஸிலும் முனகி, மூன்றாம் கியரில் மட்டும் வாய்மூடும் பெட்டியில் பற்சில்லுகளோ அவற்றைத் தாங்கும் ஊசிப் பெயாரிங்குகளோ தேய்ந்துள்ளன எனப் பெரும்பாலும் துணியலாம். தருக்க நூலாரின் வெதிரேகத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்தல் அரிது. முதலாம் கியரிலும் 'றிவேர்ஸ்'ஸிலும் மெல்லிய முனகல் புதுவண்டியிலும் உண்டு என்பதை மறத்தலாகாது. கேட்க வேண்டியது, அது முன்னையதிலும் வளர்ந்துள்ளதா என்பதே.

இப்பெட்டிக் குடும்பத்துக்கு நன்கறியப்பட்ட மற்றொரு நோய், ஞாயிற்றுப் பற்சில்லைச் சுழற்றும் எஃகு ஓடு வெடித்தல். ஒரு 'மடார்' ஓசையுடனோ ஓசையின்றியோ இது நிகழலாம். அதன்பின் இரண்டாம் கியரும் நான்காம் கியரும் 'றிவேர்ஸ்'ஸும் ஒருங்கே மறைந்துவிடும். முதலாவதும் மூன்றாவதும் மட்டும் எஞ்சும். இம்மூன்றும் சேர்ந்தே போயினவா என்று பார்த்தால் நோயின் பெயர் தெரிந்துவிடும். இதற்குப் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.

மணிக்கு 70, 80 கிலோமீற்றர் கதியில், அக்சிலறேற்றரை மெல்ல மிதித்திருக்கையில், வரிவரியாக மேடிட்ட தெருவில் ஓடுவதுபோல் வண்டி நடுங்கினால் அது வேறு. முறுக்கமாற்றியின் இரு சில்லுகளையும் பிணைத்து வழுக்கலைத் தவிர்க்கும் சிறு கிளச் ஒன்று அதனுள் உண்டு. அது சரியாகப் பற்றாது விட்டுவிட்டுப் பற்றும்போது இந்நடுக்கம் எழும். சோதனை மிக எளிது. வலக்கால் அக்சிலறேற்றரில் இருக்க, இடக்காலால் பிறேக்கைத் தொடுங்கள். வண்டி மெதுவாகும் அளவுக்கன்று, பின்விளக்கு எரியும் அளவுக்கு மட்டும். அவ்விளக்கின் ஆளியே கிளச்சையும் விடுவிக்கும். நடுக்கம் அக்கணமே நின்றால் கிளச். நில்லாவிடில் எந்திரத்தின் தீப்பொறிக் கோளாறு முதலியவற்றைத் தேடலாம். உரிய வகை எண்ணெயை மாற்றுவதாலேயே இந்நடுக்கம் நீங்குவதும் உண்டு.

கனடாவிலிருந்து ஓர் அழைப்பு

எமது தமக்கையாரின் மகன் கனடாவில் வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழில் செய்கின்றான். ஏணியும் வாளியும் ஏற்றிச் செல்லும் பழைய பிக்கப்பே அவனுக்கு முதல். சென்ற மாரிக்குமுன் அவன் தொலைபேசியில் அழைத்து, "மாமா, வண்டி நின்றபடியே தட்டுகின்றது, ஒரு கராஜில் எந்திரம் முடிந்தது என்கின்றார்கள், இன்னொன்றில் கியர்ப்பெட்டி முடிந்தது என்கின்றார்கள், இரண்டில் எதைச் செய்தாலும் இவ்வாண்டு உழைப்பு அதற்கே போய்விடும்" என்றான். பிள்ளைகள் இருவரின் படிப்புச் செலவும் அந்த உழைப்பிலேயே தங்கியிருந்தது. நாம் மெக்கானிக் அல்லோம். பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஓசையைக் கேட்பவரும் அல்லோம். கேள்விகளை மட்டும் கேட்டோம். நின்றபடி எந்திரம் மெல்ல ஓடும்போது தட்டுகின்றதா? ஆம். 'ட்றைவ்'வில் இட்டுப் பிறேக்கைப் பிடித்தால்? குறைகின்றது. மீண்டும் 'பார்க்'கில் இட்டால்? மீண்டும் தட்டுகின்றது. எந்திரத்தின் எண்ணெய் அமுக்கம்? குறையவில்லை. கியர் மாறுவதில் ஏதும் தடை? இல்லை.

எந்திரமும் நன்றாய், கியர்ப்பெட்டியும் நன்றாய், இடையில் மட்டும் ஓசை என்றால் இரண்டையும் பிணைக்கும் உறுப்பை எவரும் பார்த்தார்களா என்று கேட்கச் சொன்னோம். முதிய மெக்கானிக் ஒருவர் அடியிலுள்ள தகர மூடியைக் கழற்றி, எந்திரத்தைக் கையாற் சிறிது சிறிதாகச் சுழற்றி, விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பிளெக்ஸ் பிளேற்றின் நடுவிலுள்ள ஆணித்துளைகளைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்பு ஓடியிருந்தது. மெல்ல ஓடும்போது வெடித்த விளிம்புகள் ஒன்றோடொன்று மோதித் தட்டின. 'ட்றைவ்'வில் முறுக்கம் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்ததால் அடங்கின. தட்டை மாற்றுவதற்கும் கியர்ப்பெட்டியை இறக்கியே தீரவேண்டும். ஆகவே கூலி இலேசானதன்று. எனினும், பெட்டியையே புதுக்கும் செலவுக்கு அது எவ்வளவோ கீழ். வர்ண வேலை ஒரு கிழமை மட்டும் நின்றது.

முறுக்கமாற்றியைத் தட்டுடன் பிணைக்கும் ஆணிகள் தளர்ந்தாலும் இத்தகைய தட்டல் எழும். அந்தத் தகர மூடியே வளைந்து தட்டில் உராய்ந்தாலும் பயங்கரமான கீறல் கேட்கும். அதற்கு மருந்து ஒரு குறடு.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

'பார்க்'கிலிருந்து 'ட்றைவ்'வுக்கோ 'றிவேர்ஸ்'ஸுக்கோ மாற்றும்போது எழும் 'டக்' என்ற அடியைக் கியர்ப்பெட்டியின் மரண மணியாகக் கொள்வோர் பலர். பெரும்பாலும் அது புறொப்பெல்லர் தண்டின் யூ-ஜொயின்ற் தேய்ந்ததால் வருவது. சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்து, எந்திரத்தை நிறுத்தி, தண்டைக் கையாற் பிடித்து இருபுறமும் திருகிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். மூட்டின் கிண்ணங்களைச் சுற்றிச் செம்மண் போன்ற துருத்தூள் கசிந்திருந்தால் சான்று முழுமை. நெய்ப்பசை வற்றிய மூட்டு, மெல்ல ஓடும்போது குருவி போலக் 'கீச் கீச்' என்னும். குருவி எங்கே என்று தேடுவாரும் உளர். கியர்ப்பெட்டியைத் தாங்கும் இறப்பர் கட்டை கிழிந்தாலும் எந்திரம் அளவுக்கு மீறிய சுழற்சியில் நின்றோடினாலும் இதே அடி விழும்.

வளைவில் வலமோ இடமோ திரும்பும்போது உறுமல் கூடிக் குறைந்தால் சில்லின் பெயாரிங். தார்த் தெருவில் ஒருவாறும் கொங்கிறீற்றுத் தெருவில் வேறொருவாறும் ஒலித்தால் ரயர். அக்சிலறேற்றரை மிதிக்கும்போது ஒரு குரலும் விடும்போது வேறு குரலும் தந்தால் பின்னச்சின் டிபரன்சியல். ஆளில்லாத சமதரைத் தெருவில் ஓடும்போது சில கணம் 'நியூற்ற'லில் இட்டுப் பார்ப்பதும் இவற்றைப் பிரித்தறிய உதவும். எந்திரத்தை நிறுத்திவிட்டு உருளவிடுதல் மட்டும் கூடாது. ஸ்ரியரிங்கும் பிறேக்கும் துணையிழக்கும். பம்பி நின்றுவிடுவதால் கியர்ப்பெட்டியும் எண்ணெயின்றி வருந்தும். பழுதுபட்ட இத்தகைய வண்டியைப் பின்சில்லுகள் தரையில் உருளக் கட்டியிழுக்கலாகாது என்று கைந்நூல்கள் எச்சரிப்பதன் காரணமும் இதுவே.

ஓசையின் இருப்பிடத்தை இன்னும் நெருங்கி அறிய, நீண்ட திருகாணிச் செலுத்தி ஒன்றின் நுனியைப் பெட்டியின் ஓட்டில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பது மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். 1816இல் பிரான்சிய மருத்துவர் லெனெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டாரே, அதே தத்துவம். சுழலும் விசிறிக்கும் பட்டிக்கும் அருகில் சட்டைக்கையும் தலைமயிரும் செல்லாதவாறு காத்துக்கொள்வது கேட்பவர் பொறுப்பு.

இவ்வளவும் செய்தபின்னரும் ஐயம் தீராவிடில், அடித்தட்டை இறக்கிப் பார்ப்பதே எஞ்சிய வழி. நல்ல எண்ணெய் சிவந்து தெளிந்திருக்கும். கருகி நாறினால் கிளச்சுகள் எரிகின்றன. தட்டின் அடியிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு மெல்லியதாய்ப் படிந்திருப்பது வயதின் இயல்பு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பித்தளை நிறப் பொடி மின்னினால் உள்ளேயுள்ள புஷ்களும் வளையங்களும் அரைபடுகின்றன. கரிய நாரும் துகளும் கிளச்சின் மேற்பூச்சு. ஊசித்துண்டு போன்ற எஃகுத் துணுக்கோ பல்லின் சில்லோ கிடைத்தால் அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும். அதன்பின் ஓடும் ஒவ்வொரு மைலும் செலவைப் பெருக்கும்.

'நெடுங்காலம் மாற்றாத எண்ணெயை மாற்றினால் பெட்டி செத்துவிடும்' என்பதொரு நம்பிக்கை எங்கும் உலவுகின்றது. எரிந்து தேய்ந்த கிளச்சுகள் புது எண்ணெயில் வழுக்கிவிடுவதைக் கண்டோர் எண்ணெயைப் பழித்தனர் என்பதே எமது கருத்து. சாகக் கிடந்தவனுக்குக் கடைசியில் கஞ்சி கொடுத்தவளைக் கொலைகாரி என்பதுபோல் அது. ஓசை தணிக்கும் என்று சிறு போத்தல்களில் விற்கும் கலவைகளிலும் எமக்கு நம்பிக்கை இல்லை. தேய்ந்த இரும்பை வளர்க்கும் திரவம் எதுவும் இல்லை.

தட்டைக் கழுவித் துடைத்து, காந்தத்தை அதன் இடத்தில் வைத்து, புதிய வடிகட்டியையும் ஒரேயொரு வளையத்தையும் பொருத்தி, ஆணிகளைக் குறுக்கு நெடுக்காகச் சிறிது சிறிதாய் இறுக்குக. எண்ணெயைக் கைந்நூல் கூறும் அளவுக்குச் சற்றுக் குறைவாகவே ஊற்றி, எந்திரத்தை ஓடவிட்டு, பிறேக்கை மிதித்தபடி நெம்புகோலை ஒவ்வொரு நிலையிலும் சில கணம் நிறுத்தி, பின்னர் கம்பியைப் பார்த்து மிச்சத்தை ஊற்றுக. அதன்பின் பழைய குறிப்பேட்டுடன் அதே தெருவில், அதே கதியில், அதே ஆளை அருகில் இருத்திக்கொண்டு ஒருமுறை செலுத்திக் கேட்கலாம்.